எழும்பாதே என்றொரு ஜெபம்

உள்ளங்கை ஒன்று அவள் கண்களை மூடியிருக்கிறது, தவிட்டு வாசனை வீசும் பெரிய உள்ளங்கை, அப்பாவுடையது, ரங்கூன் அரிசி ஆலையின் கணக்கறையிலிருந்து ஓடி வந்தவர் அவளை வாரியெடுத்துக்கொண்டு ஒரு மதிற்சுவரோரம் ஒடுங்கி நிற்கிறார், மேல பாக்காத பாப்பா, மேல பாக்காத, என்று அவர் சொல்லச் சொல்ல அவள் விரலிடுக்கு வழியே பார்த்துவிடுகிறாள், வெயிலில் வெள்ளி மீன்கள்போல் மினுங்கிக்கொண்டு ஏதோ வரிசையாகப் போகின்றன, எவ்வளவு அழகு என்று ஐந்து வயது மனசு வியந்த அந்த நொடியில் பூமி எழும்பி அவர்கள்மேல் விழுகிறது. எண்பதைத் தாண்டிவிட்ட பியூலாவுக்கு மதியத் தூக்கம் எப்போதும் இந்த இடத்தில்தான் கலையும், கலைந்த பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் ஒரு முழக்கம் மிஞ்சியிருக்கும், அது ரங்கூனில் விழுந்த குண்டினுடையதா, இல்லை இருபது வருஷம் கழித்து ஃபுளோரிடாவின் கடற்கரையில் கேட்டதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, ஒன்று விழுந்த சத்தம், மற்றது எழுந்த சத்தம், நினைவுக்குள் இரண்டும் ஒரே ஆற்றில்தான் ஓடுகின்றன, அந்த ஆற்றின் நடுவில் அரக்கான் மலைப்பாதை வருகிறது, ரங்கூனை விட்டு நடந்தே ஊருக்குத் திரும்பிய ஆயிரக்கணக்கான பேரில் மூன்று பேராகப் புறப்பட்டு இரண்டு பேராக வந்து சேர்ந்தது வருகிறது, அம்மா தங்கம்மாளைப் பேர் தெரியாத ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், அதன் பிறகு அப்பா ஞானாபரணம் எந்தக் கணக்கும் எழுதவில்லை, மெய்ஞ்ஞானபுரம் வந்து வேதம் படித்துப் போதகர் ஆனார், வானத்தில் விமானம் போனால் அவர் நிமிர்ந்து பார்த்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

அப்படிப்பட்டவரின் மகளுக்கு அப்படிப்பட்ட புருஷன் வாய்த்ததை என்னவென்று சொல்வது, பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்து உதவித்தொகையில் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவள், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் தனக்குப் பின்வரிசையில் நின்று எப்போதும் அரைச் சுருதி தாழ்ந்தே பாடுகிற நெட்டைக்காரன் யார் என்று திரும்பிப் பார்க்க ஒரு மாசம் ஆயிற்று, பார்த்த பிறகு திரும்பாமல் இருக்க முடியவில்லை, எல்லிஸ் என்று பேர், அமெரிக்கன், என்ன வேலை என்றால் தகடு ஒட்டுகிறேன் என்பான், என்ன தகடு என்றால் எஃகுத் தகடு என்பான், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டான், கல்யாணப் பேச்சு வந்த அன்றுதான், செய்தித்தாளிலேயே வந்துவிட்டதை மட்டும் சொல்கிறேன் என்று சொன்னான், அட்லஸ் என்று ஒரு ஏவுகணை, ஹைட்ரஜன் குண்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சமுத்திரம் தாண்டிப் போய் விழுவதற்கு, அதன் உடம்பை ஒட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன், யாரையும் சுடுவதற்கு இல்லை பியூலா, ருஷ்யாக்காரன் நம்மைச் சுடாமல் இருப்பதற்கு, என்றான், அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, ஆனால் அவன் காப்பிக் கோப்பையை மேஜையில் வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைக்கிறவன், அந்தக் கைகளை விட்டுவிட்டுப் போக அவளால் ஆகவில்லை. அப்பாவுக்கு மறைக்காமல் எழுதினாள், உன்னை ஆசீர்வதிக்கிறேன், அந்தக் கைகளை ஆசீர்வதிக்க என்னால் ஏலாது, என்று பதில் வந்தது, கல்யாணத்தன்று அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போனவர் கல்லூரியின் வயதான நூலகர், மெய்ஞ்ஞானபுரத்தில் என்றால் அப்பா இருவர் தலையிலும் கை வைத்திருப்பார், இங்கே அவள் தலைமேல் பூ மட்டும் இருந்தது.

கல்யாணமான கொஞ்ச நாளில் காற்று திசை மாறியது, அதே ஏவுகணையின் தலையிலிருந்து குண்டை இறக்கிவிட்டு ஒரு மனிதனை உட்காரவைக்கப் போகிறார்கள் என்று எல்லிஸ் வந்து சொன்னபோது அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், ஏன், ஆளுக்கென்று புதிதாக ஒன்று செய்யக்கூடாதா என்று கேட்டாள், செய்ய வருஷங்கள் ஆகும், பூமியைச் சுற்றும் அளவுக்கு ஓர் ஆளை எறியப் பலமுள்ளது எங்களிடம் இது ஒன்றுதான், ருஷ்யாக்காரர்களும் குண்டு சுமக்கச் செய்ததில்தான் ஆளை ஏற்றப் பார்க்கிறார்கள், என்றான், அப்போது அவன் முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபுளோரிடாவுக்குக் குடிவந்தார்கள், அங்கே கடலோரத்தில் முதல் தடவை அதை அவளுக்குத் தூரத்திலிருந்து காட்டினான், பாலத்தின் மேல் காரை நிறுத்தி, அதோ, என்றான், வெயிலில் தேய்த்து வைத்த வெள்ளிக் குத்துவிளக்குபோல் நின்றது, அதன் தோல் ஒரு காசைவிட மெல்லிசு என்றான், உள்ளே எலும்பு கிடையாது, சட்டம் கிடையாது, பிறந்த நாளிலிருந்து உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கிறோம், அந்த மூச்சுதான் அதை நிமிர்த்தி வைக்கிறது, மூச்சை விட்டால் தன் பாரத்திலேயே கசங்கி விழுந்துவிடும், நாடு முழுக்க வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தபோதும் மூச்சோடுதான் கொண்டுவந்தோம். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, இவ்வளவு பயங்கரமான ஒன்று இவ்வளவு மெல்லிசான தோலோடா என்று நினைத்தாள், அப்போது அவள் வயிற்றிலும் ஒரு மூச்சு அசைந்துகொண்டிருந்தது.

ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்த ஒன்று மேகத்துக்குள் போய் ஒரு நிமிஷத்தில் சிதறியது, கழுத்தருகே தோல் கிழிந்திருக்கலாம் என்றார்கள், பிறகு தங்கம் பிறந்தாள், பாட்டியின் பேரைத் தாங்கிய தங்கம், பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊரில் எல்லாரும் செய்வதுபோல் பழைய சேலையை நீளமாகக் கிழித்து வயிற்றுக்குக் கட்டுப் போட நினைத்தாள், இழுத்துப் பிடிக்க ஆளில்லை, ஒரு முனையைக் கதவுப் பிடியில் முடிந்துவிட்டு, மறுமுனையை வயிற்றில் வைத்துக்கொண்டு தானே பம்பரம்போல் சுற்றிச் சுற்றிக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தாள், வேலை முடிந்து வந்த எல்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டான், என்ன நடனம் இது, என்றான், நடனமில்லை, தளர்ந்த இடத்துக்குப் பலம், என்றாள், அவன் சிரிக்கத் தொடங்கினான், சிரிப்பு நடுவில் எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது, அவள் பயந்துபோனாள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, என்று சொல்லிக்கொண்டே கதவுப் பிடியிலிருந்த முனையை அவிழ்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டான், இதேபோல ஒரு கட்டு இன்றைக்கு எங்கள் பெண்ணுக்கும் போட்டோம், எஃகுக் கட்டு, கழுத்துக்குக் கீழே, போனது கிழிந்த அதே இடத்தில், தாங்குமா என்று தெரியவில்லை, என்றான், அது தாங்கியது, அடுத்தது வழிதவறிப் போய் அவர்களே அதை வெடிக்கவைத்தார்கள், அதற்குப் பிறகு தோலையே கொஞ்சம் தடிப்பாக்கினார்கள், ஒரு குரங்கு ஏறிப்போய் உயிரோடு திரும்பியது, இனி மனிதன் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வந்தார், திருச்சபை மாநாடு ஒன்றுக்காக அட்லாண்டாவுக்கு வந்தவர் மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டுப் பிப்ரவரி கடைசியில் கிளம்புவதாக ஏற்பாடு, வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டு, கையில் கருப்பட்டியும் மணப்பாட்டுக் கருவாடும் கட்டிய பெட்டி, வாசலில் எல்லிஸ் கையை நீட்ட இவர் இரண்டு விரலைக் கொடுத்து எடுத்துக்கொண்டார், மாப்பிள்ளை என்று அவர் வாயிலிருந்து வரவில்லை, அந்தத் தம்பி சாப்ட்டாச்சா, அந்தத் தம்பி எப்பம் வருவான், என்றுதான் கேட்பார், எல்லிஸோ பியூலா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு யப்பா என்றே அவரைக் கூப்பிட்டான், அவன் வாயில் அது இன்னும் நீளமாக வரும், கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் நிற்பதைக் காட்டினால் அவர் மணலைப் பார்த்துக்கொண்டே நிற்பார், ஏளா, இத மொதல்ல என்னத்துக்குச் செஞ்சது, என்பார், குண்டு கொண்டு போறதுக்குத்தான் யப்பா, இப்பம் ஆளுக்காக மாத்திட்டாவ, என்பாள் அவள், அப்பம் குண்டுதான, மேல ஒருத்தன உக்கார வச்சா புள்ளைய வெளையாடுத மரக்குதிரை ஆயிருமாக்கும், என்று சொல்லி வீட்டைப் பார்த்து நடப்பார்.

காலையில் குடும்ப ஜெபம், அது அவர் எங்கே இருந்தாலும் நிற்காது, தரையில் பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேத பாகம், பிறகு ஜெபம், எல்லிஸ் தன் நீளக் கால்களை ஒட்டகம் மடக்குவதுபோல் மடக்கி உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கண்ணை இறுக மூடிக்கொள்வான், அப்பாவின் குரல் மெல்ல ஏறும், எங்கள் பரம பிதாவே, கர்வங்கொண்ட மனுஷருடைய கையின் கிரியையை நீர் அறிவீர், அந்த அக்கினியை அதன் இடத்திலேயே அடக்கி வையும், அது எழும்பாதபடி உம்முடைய கரத்தை அதன்மேல் வையும், என்று முடிக்கும்போது பியூலா கண்ணைத் திறந்து எல்லிஸைப் பார்ப்பாள், அவன் நெஞ்சிலிருந்து ஆமென் என்பான், வீட்டிலேயே சத்தமான ஆமென் அவனுடையதுதான். வேலைக்குக் கிளம்பும்போது அவளிடம் கேட்பான், அக்கினி அக்கினி என்று உங்கப்பா அடிக்கடி சொல்கிறாரே, அது என்ன, நெருப்பு, என்பாள், ஆக எங்கள் நெருப்புக்காக ஜெபிக்கிறார், நல்ல மனுஷன் பியூலா, என்னைப் பிடிக்காவிட்டாலும் ஜெபிக்கிறார், என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறுவான், அவள் வாசலில் நிற்பாள், சொன்னால் அவன் உடைவான், சொல்லாவிட்டால் அவள்.

அந்த ஜெபம் பலிக்கவும் செய்தது, அதுதான் கொடுமை, நாள் குறிப்பார்கள், தள்ளிப்போடுவார்கள், ஜனவரி முழுக்க அப்படியே போயிற்று, அதில் பறக்கப்போகிற மனிதர் உள்ளே போய் மணிக்கணக்காக மல்லாந்து படுத்திருந்த நாளில் மேகம் வந்து மூடிக்கொண்டது, இறங்கி வந்துவிட்டார், கடற்கரையில் கூடியிருந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைய, வீட்டில் அப்பா முருங்கைக்காய் கிடைக்காத ஊரில் எதைப் போட்டுச் சாம்பார் வைப்பது என்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார். யப்பா, என்ன ஜெபம் இது, அவியளுக்கே தெரியாம அவிய வாயாலேயே ஆமென் வாங்குதீங்களே, என்று அன்றைக்குக் கேட்டேவிட்டாள், ஆண்டவருக்குத் தமிழ் தெரியும், அந்தத் தம்பிக்குத் தெரியலன்னா நான் என்ன செய்ய, என்றார், விளையாடாதீங்க யப்பா, அவிய உயிரையே அதுல ஒட்டி வச்சிருக்காவ, மேல ஒரு மனுசன் வேற, என்றாள், அந்த மனுசனுக்காவத்தாம்ளா கேக்கேன், எழும்பலன்னா அவன் பொழச்சிக் கெடப்பாம்லா, என்றார், நீ கண்ட, நானுங் கண்டேன், ஆகாசத்துலேருந்து நமக்கு வந்தது என்னன்னு, ஒங்கம்மைக்கு ஒரு கல்லறை கூட இல்ல, என்னைய இந்தத் தீயக் கும்பிடச் சொல்லாத, என்றார், அவள் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தாள், இனி இந்த இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கவே முடியாது, அப்பா வந்த மாதிரியே இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், திரும்ப வர மாட்டார், என்று கடல் ஒவ்வோர் அலையாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேகத்துக்கு இரண்டொரு நாள் கழித்து எரிபொருள் நிரப்பிப் பார்க்கையில் ஒரு கசிவு தெரிந்தது, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில், தடுப்பில் குளிர்காக்க ஒட்டியிருந்த மெத்தைப் பஞ்சு எரிபொருளில் ஊறிப்போயிருந்தது, எல்லிஸும் கூட இருந்தவர்களும் இரண்டு வாரம் அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தார்கள், சரிசெய்து முடித்த அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவன் சோற்றைத் தொடாமல், பியூலா, நான் சொல்வதை உங்கப்பாவிடம் அப்படியே சொல், என்றான், எதிரில் அப்பா மீன்முள்ளைப் பிரித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். யப்பா, நாங்கள் இதைப்போல் எத்தனையோ செய்துவிட்டோம், எத்தனையோ கடலில் விழுந்தன, விழுந்தால் ஏன் என்று கண்டுபிடித்துவிட்டு அடுத்ததைச் செய்வோம், குண்டு கடலில் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம், யாரும் அழமாட்டோம், இப்போது அந்த மனிதர் வந்து எங்கள் ஒவ்வொருத்தரிடமும் பேர் கேட்டுக் கை கொடுத்துவிட்டுப் போகிறார், அதற்கப்புறம் எனக்குக் கை நடுங்குகிறது, ஒரு ஒட்டைத் தொட்டுப் பார்த்தேன் என்றால் திரும்பவும் போய்த் தொடுகிறேன், என் மகளே உள்ளே படுத்திருக்கிற மாதிரி, எங்கள் வீட்டில் வாய்விட்டு ஜெபிக்கிற பழக்கம் இல்லை, எனக்குத் தெரியாது, காலையில் நீங்கள் ஜெபிக்கும்போது எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை, ஆனால் என்னிடம் இருக்கிற அத்தனையையும் அந்த ஆமென்னில் போட்டுவிடுகிறேன், அன்றைக்கு மேகம் வந்து நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்தக் கசிவோடு அது போயிருக்குமோ என்னவோ, உங்கள் ஜெபம்தான் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அவள் அப்படியே சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, சொல்லி முடிக்கும்வரை அப்பாவின் விரல்கள் மீன்முள்ளின் மேலேயே நின்றன, நிறுத்துனதுக்கா நன்றி சொல்லுதான், என்று மெதுவாகக் கேட்டார், ஆமா யப்பா, என்றாள், குண்டுக்குச் செஞ்சப்பம் இப்படி நடுங்கிச்சான்னு கேளு, என்றார், அவள் தயங்கிக் கேட்டாள், எல்லிஸ் அவர் கண்ணைப் பார்த்து, இல்லை, என்றான், ஒரு சாக்கும் சொல்லவில்லை, அப்பா எழுந்து கை கழுவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார், சன்னல் வழியே பார்த்தாள், மணலில் தலை குனிந்து நடக்கிறார், நிற்கிறார், திரும்ப நடக்கிறார், அரக்கான் பாதையில் அவளைத் தோளில் வைத்து நடந்த அதே நடை, தோளில் மட்டும் ஒன்றும் இல்லை, வெகுநேரம் கழித்து வந்தவர், ஓராள் மேல ஏறினதும் அத்தன பேருக்கும் இரக்கம் வந்துட்டோ, என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

மறுநாள் காலை பாயில் உட்கார்ந்தவர் பரம பிதாவே என்று தொடங்கி நின்றுவிட்டார், பாட்டுக் குழுவில் ஒருவர் மறந்தால் எல்லாரும் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்கள், தங்கம் மட்டும் ஏதோ மழலையில் நிரப்பினாள், இத்தனை நாள் உம்முடைய கரத்தை அதன்மேல் வைத்து நிறுத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம், என்றார் கடைசியில், இனி அந்தக் கரத்தை எடுத்து அதன் கீழே வையும் ஆண்டவரே, அந்த மகனை உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாரும், அதைச் செய்தவர்களுடைய கைகளை, என்றவர் மறுபடி நின்று, எச்சில் விழுங்கி, அந்தக் கைகளையும் ஆசீர்வதியும், என்று முடித்தார், எல்லிஸ் எப்போதும்போல் ஆமென் என்றான், அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, வருஷங்கள் கழித்து அவள் எல்லாவற்றையும் சொன்னபோது, இரண்டுக்கும் சேர்த்துத்தானே சொன்னேன், இரண்டும்தானே வேண்டியிருந்தது, என்று சிரித்தான், ஆனால் ஜெபம் மாறிய அன்றைக்கும் அது புறப்படவில்லை, மறுபடி வானிலை சரியில்லை என்றார்கள், அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது, நான் மாத்திச் சொன்னது ஆண்டவருக்கு இன்னும் எட்டல போலுக்கு, என்று வானத்தைப் பார்த்து, ஆம், நிமிர்ந்து வானத்தைப் பார்த்து, குறைப்பட்டுக்கொண்டார்.

ஜெபம் எட்டிய காலையில் அவராகவே கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு தங்கத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், கடற்கரை முழுக்க ஜனம், ஆளுக்கொரு ரேடியோ, தூரத்தில் அது வெள்ளையாய்ப் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது, உள்ளே நிரப்பிய குளிரில் உடம்பெல்லாம் பனி பிடித்திருக்கிறது என்று எல்லிஸ் சொல்லியிருந்தான், பிறகு சத்தமே இல்லாமல் அடியில் ஒரு வெளிச்சம், சூரியனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சூரியன் தரையிலிருந்து முளைப்பதுபோல், பனி உதிர்ந்து விழ விழ அது எழும்புகிறது, அவசரமே இல்லாமல், பிறவி எடுக்கிற நிதானத்தோடு எழும்புகிறது, சமுத்திரம் தாண்டி ஓர் ஊரை எரிக்கச் செய்தது, காசைவிட மெல்லிசான தோலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் அம்மா பெற்ற பிள்ளையைத் தலைமேல் வைத்துக்கொண்டு எழும்புகிறது, அப்புறம்தான் முழக்கம் வருகிறது, முதலில் உள்ளங்காலுக்கு, பிறகு வயிற்றுக்கு, பிறகு காதுக்கு, மணல் நடுங்குகிறது, அவள் ஐந்து வயதாகிவிடுகிறாள், மதிற்சுவரைத் தேடுகிறாள், பூமி எழும்பி மேலே விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது, பக்கத்தில் அப்பா. மாப்பிள எங்க நின்னு பாக்காவ, என்று அந்த இரைச்சலுக்குள் அவர் அவள் காதோரம் கத்திக் கேட்கிறார், அவளுக்கு முதலில் யாரைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை, விளங்கியதும் அவளும் கத்திச் சொல்கிறாள், கான்கிரீட் அறைக்குள்ள யப்பா, கருவியளப் பாத்துக்கிட்டு இருப்பாவ, சன்னல் கெடையாது, அவியளால பாக்க முடியாது, அடப்பாவமே, செஞ்ச மனுசனுக்குப் பாக்கக் குடுத்து வைக்கலியே, அப்பம் அவியளுக்குஞ் சேத்து நம்மதான் பாக்கணும், என்கிறார் அப்பா, தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, வெள்ளை மயிர் காற்றில் பறக்க, மாப்பிள்ளைக்குஞ் சேர்த்துப் பார்க்கிறார், வெயில் உறைக்க இடுப்பிலிருக்கும் தங்கம் கண்ணைச் சுளிக்கிறாள், அவர் கை தானாக எழுந்து குழந்தையின் முகத்துக்குப் போகிறது, அந்தப் பெரிய உள்ளங்கை, பியூலா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது குழந்தையின் கண்ணை மூடவில்லை, புருவத்துக்கு மேலே கூரைபோல் குவிந்து வெயிலை மட்டும் மறைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் நிழலுக்குள் இரண்டு சின்னக் கண்களும் நன்றாகத் திறக்கின்றன.